மிச்ச மாத்திரை மதினி

எங்கள் தெருவில் யார் இருமினாலும் மதினிக்குக் கேட்டுவிடும். கேட்டுவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. கையில் எவர்சில்வர் டப்பாவோடு வந்து வாசலில் நின்று, "சளியா, வறட்டா?" என்பாள். வாங்க, உட்காருங்க, காப்பி குடிக்கிறீங்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவளை நான் தெரிந்துகொண்டதே அப்படித்தான். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. கணவருக்கு வெளியூரில் வேலை. நானும் என் மகளும் மட்டும் மேலகரத்தில் குடிவந்தோம். மதினி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வந்த வாரமே எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நாள் முழுக்கக் கத்துகிறவளுக்குச் சாரல் காற்றும் சேர்ந்தால் வேறு என்ன ஆகும்? சாயங்காலம் கதவைத் தட்டினாள். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். பேர் சொல்லவில்லை, பேர் கேட்கவும் இல்லை. டப்பாவைத் திறந்து காட்டினாள். அதற்குள் கத்தரித்த மாத்திரை அட்டைகள். முழு அட்டை ஒன்றுகூடக் கிடையாது. ஒன்றில் மூன்று இருக்கும், ஒன்றில் இரண்டு இருக்கும். மருந்தின் பேர் இருந்த பக்கம் பாதிக்கு மேல் கிழிந்து போயிருக்கும்.

யாருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை என்று கேட்டேன். மதுரையிலிருந்து வந்த அவள் சின்னம்மை மகனுக்காம். போன வருசம் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போனானாம். அவனுக்கு நன்றாகக் கேட்டதாம்.

சீசன் தெரியாதவர்களுக்கு இது புரியாது. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்தைச் சுற்றி இருக்கிற எந்த வீடும் வீட்டுக்காரர்களுடையது அல்ல. பத்து வருசமாகத் தொடர்பே இல்லாத சொந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கும். காலையில் ஐந்தருவி, மத்தியானம் பெரிய அருவி, சாயங்காலம் பழைய குற்றாலம் என்று போய்ப் போய் நனைவார்கள். ஈரத் தலையோடு பரோட்டா சாப்பிடுவார்கள். ஓர் அறையில் பத்துப் பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். ஒருவர் தும்மினால் விடிவதற்குள் அத்தனை பேரும் தும்முவார்கள். பிறகு அருவித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அருவியின் மேல் பழியைப் போட்டுவிட்டு டாக்டரிடம் போவார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் விட்டுச்செல்வது ஈரத்துண்டு, சோப்புத் துண்டு, மிச்ச மாத்திரை. துண்டையும் சோப்பையும் அந்தந்த வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். மாத்திரை மதினிக்கு. வேன் கிளம்பும்போது மற்றவர்கள் "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பார்கள் அல்லவா? மதினி ஜன்னல் பக்கமாய்ப் போய், "மாத்திரை மிச்சம் இருக்கா?" என்று கேட்பாள். அவர்களும் புண்ணியமாய்ப் போகட்டும் என்று எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வீணாக்குவது அவளுக்குப் பொறுக்காது. அவ்வளவுதான் விஷயம். அதில் பேராசையோ பெருமையோ எதுவும் கிடையாது. வடித்த கஞ்சியைக்கூட வாசலில் ஊற்றமாட்டாள்.

வைத்தியத்துக்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. எனக்கு அதை முதல் நாளே விளக்கிவிட்டாள். "சளி பஸ்சு மாதிரி டீச்சர். மூக்குல ஏறும், தொண்டையில நிக்கும், நெஞ்சுல போயி டிப்போ போட்டுரும்." மூக்கில் இருக்கும்வரை மாத்திரை கிடையாது, முந்தானை போதும். தொண்டைக்கு இறங்கினால் வெள்ளை. நெஞ்சுக்குப் போய்விட்டால் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிற குளிகை. "ரெண்டு நாளு போடணும். கேட்டுச்சுன்னா நிறுத்திரணும். கேக்கலன்னா கலர மாத்தணும்." நிறுத்தியபின் மிஞ்சுவது திரும்பவும் டப்பாவுக்கு வந்துவிட வேண்டும். அதில் கறாராக இருப்பாள்.

மூக்கைப் பற்றி அவள் சொன்னது சரிதான். தொண்டையைப் பற்றி என் மகளைப் பார்த்த டாக்டரிடம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜலதோஷம், தொண்டைக்கட்டு, சாதாரண இருமல் இதெல்லாம் பெரும்பாலும் வைரஸ் செய்கிற வேலை. அதற்கும் மதினியின் வெள்ளை மாத்திரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வந்த விருந்தாளி சில நாள் இருந்துவிட்டுத் தானாகப் போவதுபோல் அதுவும் போய்விடும். மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் தெருக்காரர்கள் மதினி வீட்டுப் படி ஏறுவது நாலைந்து நாள் இருமிக் களைத்த பிறகு. அவள் இரண்டு நாளைக்குக் கொடுப்பாள். வாரம் முடிந்திருக்கும், இருமலும் போயிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கைக்கு எங்கள் தெருவில் அப்படி ஒரு மரியாதை.

என் மகளுக்கு மட்டும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கைக்குழந்தையிலேயே நிமோனியா வந்து, நான் பட்டது போதும் என்றிருந்தது. மதினிக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகும் மகள் இருமினால் வருவாள், டப்பாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வருவாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பாள். எனக்குக் கை ஓய்ந்துவிடும், அவளுக்கு ஓயாது.

இதையும் சொல்ல வேண்டும். கொரோனா வந்தபோது தெருக்கோடியில் ஒரு குடும்பத்துக்கே கண்டுவிட்டது. வாசலில் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். மதினி மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு தினமும் கஞ்சி கொண்டுபோய் ஜன்னலில் வைத்தாள். வைத்துவிட்டு எதிர்ச் சாரியில் போய் நின்றுகொண்டு, உள்ளே இருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு இருமச் சொல்லிக் கேட்பாள். அவர்களும் வரிசையாக வந்து இருமிக் காட்டுவார்கள். ஒருநாள் அந்த வீட்டுப் பெரியவர் இருமல் வித்தியாசமாக இருக்கிறது என்று இவள்தான் போன் போட்டு ஆம்புலன்சை வரவழைத்தாள். பெரியவர் பிழைத்து வந்தார். இப்படிப்பட்டவளை டப்பாவுக்காக யார் கோபித்துக்கொள்ள முடியும்?

அவள் வீட்டுக்காரரைத் தெருவே அண்ணாச்சி என்றுதான் சொல்லும். தென்காசியில் உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. கடையம், வீரகேரளம்புதூர் பக்கத்து விவசாயிகளெல்லாம் அவரிடம்தான் வருவார்கள். மருந்து விற்பதைவிடத் திட்டுவதுதான் அதிகம். கத்தரித் தோட்டத்துக்குச் சொன்னதில் பாதி மருந்தை அடித்துவிட்டு, பூச்சி போகவில்லை என்று வருகிற ஆளை நிற்க வைத்து ஒரு மணி நேரம் பேசுவார். "அரைகுறையா அடிச்சீருன்னா பூச்சி சாகாதுவே, படிச்சுக்கிடும். அடுத்த தடவ நீரு குளிப்பாட்டினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது." இதை நானே கடையில் நின்று கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசுகிற மனிதர் இருமல் வந்தால் காலையில் வீட்டுப் புறவாசலில் வாயைத் திறப்பார், மதினி ஒரு மாத்திரையைப் போடுவாள், அண்ணாச்சி காப்பியை ஊற்றிக்கொள்வார். புறவாசல் சுவர் இடுப்பளவுதான். பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு எல்லாம் தெரியும். என்ன மாத்திரை என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஓர் ஆடியில் சென்னையிலிருந்து அவர்கள் சொந்தக்காரர்கள் நாயோடு வந்து இறங்கினார்கள். அவர்களோடு அண்ணாச்சியும் பழைய குற்றாலம் போனார். விருந்தாளிகள் எல்லாருக்கும் சளி பிடித்தது, அவருக்கும் பிடித்தது. அவர்களுக்கெல்லாம் விட்டுவிட்டது, இவருக்கு விடவில்லை. காய்ச்சல் வந்தது. மதினி வெள்ளை கொடுத்தாள், இரண்டு நாளில் காய்ச்சல் நின்றது, நிறுத்தினாள். திரும்பவும் காய்ச்சல். சிவப்பும் மஞ்சளும் கொடுத்தாள், நின்றது, நிறுத்தினாள். மறுபடியும் வந்தது. நீலம், பிறகு வேறொரு வெள்ளை. ஆடி முடிந்து ஆவணி பிறந்தபோது அவர் கடைக்குப் போவதை விட்டிருந்தார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம், கலரை மாத்தியிருக்கேன் டீச்சர், பாப்போம் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அண்ணாச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தார். எப்படி இருக்கு என்று கேட்டேன். "இருக்கேன்" என்றார். அதற்கே ஒரு மூச்சு வேண்டியிருந்தது. ஒரு காய்ப்புழுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர். அவருடைய சட்டை பொத்தான் போடாமல் திறந்து கிடந்தது. மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போனது, விலா எலும்புகளுக்கு இடையிலும் குழி விழுந்தது. என் மகளுக்கு வந்தபோது இதே குழியைத்தான் டாக்டர் எனக்குக் காட்டினார். இருமல் எவ்வளவு சத்தமாக இருந்தாலும் பயப்படாதீர்கள், மூச்சு வேகமானால், இந்தக் குழி விழுந்தால் ஒரு நிமிசம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்.

மதினி அடுப்படியிலிருந்து தண்ணீரோடு வந்தாள். கையில் பச்சை நிறத்தில் ஒரு மாத்திரை. சாயங்காலம் வரைக்கும் பாப்போம் என்றாள்.

"மதினி, இருமல மட்டும் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க. மூச்சப் பாருங்க" என்றேன்.

பார்த்தாள். முப்பது வருசமாகக் கேட்டே பழகியவள், அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினாள்.

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி. நெஞ்சு டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். அண்ணாச்சியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார், உடனே மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப் பாதி சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. நிமோனியா என்றார். இதுவரை என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். மதினி முந்தானைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். ஆட்டோவில் ஏறுவதற்கு முன் எப்போது எடுத்தாளோ தெரியாது.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவின் முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். இது ஆன்டிபயாட்டிக். இதுவும். இதுவும் அதேதான், வேறு கம்பெனி. இது மூட்டுவலிக்கு. இது வலிப்புக்கு. பச்சை மாத்திரை வந்ததும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரை என்றார். அதை இன்னும் கொடுக்கவில்லை என்று மதினி உறுதியாகச் சொன்னாள். பச்சைக்கு அன்றைக்குத்தான் முறை வந்திருந்ததாம்.

"இவருக்கு வந்தது மாத்திரைக்கு அடங்குற கிருமிதாம்மா. ஆனா ரெண்டு நாள் அடிச்சு, பாதி உயிரோட விட்டு, அடுத்த மருந்தைக் கொடுத்து, அதையும் பாதியில விட்டா, மிச்சம் இருக்குற கிருமி அந்த மருந்துக்கெல்லாம் பழகிரும். இப்ப எதுக்கு அடங்கும்னு எனக்கே தெரியாது. சளிய டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் தோராயமாத்தான் மருந்து போடணும்" என்றார் டாக்டர்.

மதினி மேசையைப் பார்த்தபடியே, "பூச்சி மாதிரி படிச்சுக்கிட்டா டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டருக்கு விளங்கவில்லை. அண்ணாச்சியின் கடை என்ன கடை என்று நான் சொன்னேன். ஆமாம், அப்படியே அதேதான் என்றார் டாக்டர். மதினி வெளியே வந்து வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

தோராயமாகப் போட்ட மருந்து கேட்கவில்லை. மறுநாள் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள், அதுவும் கொஞ்ச நேரம். மதினி போய்விட்டு வருவாள். பக்கத்தில் வேறு யாராவது இருமினால் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. இவள் அழுது தொலைத்தால் தேவலை என்றிருந்தது. ஒருமுறை மட்டும், "அவுக போயிட்டாகன்னா நான் என்னன்னு சொல்லுவேன் டீச்சர்?" என்று கேட்டாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

டெஸ்ட் முடிவு வந்தது. டப்பாவில் இருந்த எதற்கும் அந்தக் கிருமி மசியாது. ஊசியாகப் போடுகிற ஒரு மருந்துக்கு அடங்கும் என்றிருந்தது. அதைப் போட்டார்கள். மெல்ல மெல்லக் காய்ச்சல் இறங்கியது. பிறகு ஆக்சிஜனைக் குறைத்தார்கள், சாதாரண அறைக்கு மாற்றினார்கள். அண்ணாச்சி இட்லி கேட்டார். மதினி ஓடிப்போய் வாங்கிவந்து, பிட்டுப் பிட்டு ஊட்டினாள். நான் வெளியே வந்து அழுதேன்.

இட்லி இறங்கியதும் பேச்சு வந்துவிட்டது. கார் நெல் சாகுபடி நேரம், கடையைத் திறக்காமல் எத்தனை நாள் போடுவது, வீட்டுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தார். ஊசி இன்னும் பாதிகூட முடியவில்லை, இப்போது நிறுத்தினால் திரும்பவும் வரும், வந்தால் போடுவதற்கு அதிகம் மருந்து மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்க்கவந்த சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் அண்ணாச்சி பக்கம்தான். ஆள் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்கிறார், அப்புறம் எதற்கு ஊசி என்பது அவர்கள் நியாயம். அண்ணாச்சியின் அண்ணன் மதினியைப் பார்த்தே கேட்டார்.

"கேட்டுச்சுல்லா? பெறவு எதுக்கு இங்கன கெடக்கணும்? நீ சொல்லுததுதானே இது?"

மதினி தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று தலைமுடியை முடிந்துகொண்டாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ஆமா அத்தான், நான் சொல்லுததுதான். அதக் கேட்டுத்தான் இவுக இப்படிக் கெடக்காக. இவுக நெஞ்சக் கெடுத்தது நான்தான். மருந்து முழுசும் ஏறாம இவுகள நான் எங்கேயும் கூட்டிட்டு வரமாட்டேன்."

கூட்டத்தில் பாதிப்பேர் அவள் கையால் மாத்திரை வாங்கி விழுங்கினவர்கள். அவரவர் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது மாதிரி எனக்குத் தோன்றியது. அவள் கொழுந்தியாள் ஒருத்தி, "அய்யய்யோ, என்ன காரியம் பண்ணியிருக்கா" என்று முணுமுணுத்தாள். அது எல்லாருக்கும் கேட்டது.

அண்ணாச்சி தலையணையிலிருந்து நிமிர்ந்தார். "அவ கெடக்கா கோட்டிக்காரி" என்றார். மூச்சு எடுத்துக்கொண்டார். "இவ குடுத்த மாத்திரையில ஒண்ணக்கூட நான் முழுங்கல." திரும்பவும் மூச்சு எடுத்துக்கொண்டார். "காப்பி குடிக்கிறாப்புல குடிச்சுட்டு, எல்லாத்தையும் பொறவாசல்ல தென்னைக்குத்தான் துப்பினேன். இது அருவித் தண்ணி பண்ணின வேல. இவ மேல எவனும் ஒண்ணும் சொல்லப்படாது."

நெற்றி வேர்த்துவிட்டது அவருக்கு. அந்தப் புறவாசலில் தென்னை ஒன்று உண்டுதான். ஆனால் காலையில் நான் பாத்திரம் தேய்ப்பதும் அவர் மாத்திரை விழுங்குவதும் ஒரே நேரம். தொண்டையில் அது இறங்குவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லாத மனிதர் என்று தெருவே சொல்லும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதானே பார்த்தேன், அருவித் தண்ணிதான் என்று எல்லாருக்கும் முகம் தெளிந்தது. அண்ணன்காரர், சரி, டாக்டர் சொல்லுத மாதிரியே இருந்துட்டு வா என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

அண்ணாச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு, ஊசி முடிகிறவரை இருக்கிறேன் என்றார்.

மதினி கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். நழுவியிருந்த ஆக்சிஜன் குழாயை மூக்கில் சரியாக வைத்தாள்.

"பொய் சொல்லி மூச்சச் செலவழிக்காதீங்க" என்றாள். "இருக்கதே கொஞ்சம்."